சுவரொட்டி

சுவரொட்டி என்றதும் பெரும்பாலானவர்களுக்குத் தேர்தலும் கண்ணீர் அஞ்சலியும்தான் ஞாபகத்துக்கு வரும். கறிக்கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு வேறொன்று வரும். ஆட்டின் வயிற்றுக்குள் இடது பக்கம், நாக்கு மாதிரித் தட்டையாக, கருஞ்சிவப்பாக இருக்கும் ஓர் உறுப்பு. சுவரில் வீசினால் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர் என்று நாங்கள் கறி வாங்கும் கடைப் பாய் சொல்வார். நான் வீசிப் பார்த்ததில்லை. ரத்தம் குறைந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதை மிளகு போட்டு வதக்கிக் கொடுப்பார்கள். அது மனிதர்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு என்று நாற்பத்து நான்கு வயது வரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எங்களுக்குத் தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை. நான் பிறந்தது உடன்குடி. கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டால் சீனி கலந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன், அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. என் வீட்டுக்காரர் தங்கராஜ் கடையில் உட்காருவார். ஸ்கூட்டரில் போய்ச் சரக்குக் கொடுத்துவருவது நான். அன்று வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடைக்குக் கருப்பட்டிச் சிப்பம் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண் கூசியது. எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்ததில் வண்டி சாய்ந்து, கைப்பிடி முனை என் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. ஆடு நின்று, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பாட்டுக்கு நடந்து போனது. நான் எழுந்தேன். முதலில் பார்த்தது சிப்பம் உடைந்ததா என்றுதான். உடையவில்லை. டீக்கடையில் இறக்கிக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு டீயும் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் வயிறு லேசாகக் கனத்தது. ஆனால் என்னைப் படுத்தியது வயிறு இல்லை, இடது தோள். தோள்பட்டையின் உச்சியில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. என் வீட்டுக்காரரின் அக்கா பாக்கியம் மதினி அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் வந்து பார்த்தார், தோளைத் தொட்டார், சுளுக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் உடம்பில் எங்கே பிடித்தாலும் முதலில் சுளுக்குத்தான், மற்ற நோயெல்லாம் அதற்குப் பிறகு. மறுநாள் காலையில் சுளுக்குத் தடவுகிற பெரியவரிடம் கூட்டிப்போனார். அவர் எண்ணெய் விட்டு இதமாகத் தடவினார். வலி குறைந்த மாதிரிகூட இருந்தது. நேராகக் கடைக்குப் போனேன். மத்தியானம் தராசுத் தட்டில் கருப்பட்டியை வைத்து நிமிர்ந்தபோது கடை முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்தது. கண் விழித்தபோது ஆட்டோவில் இருந்தேன்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரிடம் என் வீட்டுக்காரர், தோளில் சுளுக்கு, சாப்பிடாமல் கொள்ளாமல் மயங்கிவிட்டாள் என்றார். டாக்டர் எந்தத் தோள் என்று கேட்டார். இடது என்றோம். அந்தப் பையனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தோளை அவர் தொடவே இல்லை. நேராக வயிற்றில் கை வைத்து, எங்கேயாவது விழுந்தீர்களா என்று கேட்டார். அப்போதுதான் ஆட்டின் கதை வெளியே வந்தது.

பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத் திரை இருக்கிறது. வயிற்றில் கசிகிற ரத்தம் அந்தத் திரைக்கு அடியில் தேங்கினால் அது உறுத்தும். அந்தத் திரையின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மூளைக்கு வீட்டு எண் மாறிவிடுகிறது. வயிற்றில் நடக்கிற விபத்துக்குத் தோளில் தபால் போடுகிறது. என் தோளில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். இதைக் கேட்டபோது எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது. நான் இத்தனை வருஷம் குடியிருந்த உடம்பு, அதன் வாசல் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாடியும் ரத்த அழுத்தமும் ஓரளவு நிலைக்கு வந்தபின் சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கையில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். அது உடம்பெல்லாம் சூடாக ஓடியது. ரத்தம் எங்கே கசிகிறது என்று படத்தில் காட்டிக்கொடுப்பதற்காம் அது.

அறுவைச் சிகிச்சை டாக்டர் அதற்குப் பிறகுதான் வந்தார். ஒல்லியான பெண்மணி, தாமிரபரணிக் கரையில் ஏதோ நெல் விளைகிற ஊர்க்காரர். இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டு நம் பேச்சுக்கு வந்துவிடுவார். மண்ணீரல் கிழிந்திருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் காதில் அதில் பாதிதான் விழுந்தது.

"ஈரலா? கடுங்காப்பியத் தவிர இவ ஒண்ணும் குடிக்க மாட்டா டாக்டர்."

ஈரல் கெட்டால் குடிதான் காரணம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும் இல்லையா? டாக்டர் பொறுமையாக, அது கல்லீரல், வலது பக்கம் இருப்பது, நான் சொல்வது இடது பக்கம் இருக்கிற மண்ணீரல் என்றார். அதற்குள் வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் பாதிச் செய்தியோடு கிளம்பிவிட்டார்கள். மாலைக்குள் கருப்பட்டிக் கடை ஜெயக்கொடிக்கு ஈரல் போய்விட்டது, பாவம், யாருக்குத் தெரியும் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. டாக்டர் இடது விலாவுக்குக் கீழே கை வைத்துக் காட்டியும் எங்களுக்குப் பிடிபடவில்லை. பாக்கியம் மதினிதான் மெதுவாகக் கேட்டார்.

"சுவரொட்டியா சொல்லுதீங்க?"

டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரித்தார். "அதேதான். இவங்க சுவரொட்டி கிழிஞ்சிருக்கு."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. கறிக்கடையில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். விரலால் அழுத்தினால் பிதுங்குகிற பொருள் அது.

அடுத்து டாக்டர் சொன்னதுதான் எங்கள் குடும்பத்தை இரண்டாக்கியது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார். அசையாமல் படுக்க வேண்டும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம், கசிவு தானாக நின்றால் மண்ணீரல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்றார். நான் சுபாவத்திலேயே சந்தேகப் பிராணி. ஆஸ்பத்திரி என்றால் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே கத்தியை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். பாக்கியம் மதினிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. வைத்தியம் பார்க்காமல் சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு கூட்டம். கடைசியில் மதினி டாக்டரையே மறித்துக் கேட்டுவிட்டார்.

"அது இல்லாமலும் ஆளு இருக்கலாம்னு சொல்லுதாங்களே. பின்ன எடுத்து எறிஞ்சிட்டுத் தைச்சு விட வேண்டியதுதான? என்னத்துக்கு இழுத்தடிக்கீங்க?"

டாக்டர் கோபப்படவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எடுக்கிறது சுலபம் அம்மா. எடுக்கத்தான் எல்லாருக்கும் தெரியும். இருக்கட்டும்னு விடுறதுதான் கஷ்டம்."

பிறகு விளக்கினார். ரத்தத்தில் வருகிற கிருமிகளைச் சலித்துப் பிடிக்கிற இடம் மண்ணீரல். பழுதான ரத்த அணுக்களை ஒதுக்குவதும் அதுதான். அது இல்லாமல் வாழலாம், ஆனால் சில வகைக் கிருமிகள் புகுந்தால் காலையில் காய்ச்சல் என்று படுத்தவர் பொழுது சாய்வதற்குள் கைமீறிப் போகலாம். ஆயுள் முழுக்க ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பயந்துகொண்டிருக்க வேண்டும். முன்னெல்லாம் கிழிந்ததும் எடுத்துவிடுவார்கள், இப்போது முடிந்தவரை காப்பாற்றத்தான் பார்க்கிறோம் என்றார். கிழிந்ததைத் தைத்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நுங்குல ஊசி நூல் போட்டுத் தைச்சுப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

பனங்காட்டில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தையல் பிடிக்காது, நூலே அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த அந்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் என்னை அசையவே விடவில்லை. இருமக் கூடாது, முக்கக் கூடாது, சிரிக்கக்கூட யோசிக்க வேண்டும். நேரம் தவறாமல் ஒரு சிஸ்டர் வந்து ஊசி குத்தி ரத்தம் எடுத்துப்போவார். இருக்கிறதே கொஞ்சம், அதையும் எடுக்கிறீர்களே என்று சண்டை போட்டிருக்கிறேன். பக்கத்துக் கட்டில்களில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, என் உள்ளே கிழிந்த ஒரு பொருள் தன் பாட்டுக்கு ஒட்டிக்கொள்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அவளுக்குப் பரீட்சை முடியும் வரையாவது உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

பாக்கியம் மதினி வைத்தியர்களை நம்பவில்லையே தவிர என்னைக் கைவிடவில்லை. தூக்குவாளியில் சுவரொட்டி வதக்கி, நல்லெண்ணெயும் மிளகும் மணக்க மணக்கக் கொண்டுவந்தார். எது கிழிந்ததோ அதையே தின்றால் அது ஊறிவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கோ வாயில் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று உத்தரவு. எந்த நேரமும் ஆபரேஷன் தேவைப்படலாம், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால். சிஸ்டர் வாசலிலேயே வாளியை மறித்துவிட்டார். மதினி அதை யாருக்கும் கொடுக்காமல் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டே தானே தின்றாராம். என் வீட்டுக்காரர் வேறு விதம். அவருக்குப் பேச்சு வராது. பார்வையாளர் நேரத்தில் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அன்றைய கருப்பட்டி விலையைச் சொல்வார். விலை தினமும் நமக்குச் சாதகமாகவே இருந்தது. பொய் என்று தெரியும். கேட்கச் சுகமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

இனித் தேறிவிட்டாள், வார்டுக்கு மாற்றலாம் என்று பேசிக்கொண்ட அன்று காலை. ரத்த அளவு நின்ற இடத்தில் நின்றிருந்தது. சிஸ்டர் முதல்முறையாகக் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்கப் போனார். நான் மல்லாந்து படுத்திருந்தேன். இடது தோளின் உச்சியில் யாரோ கட்டை விரலை வைத்தார்கள்.

வயிற்றில் வலி இல்லை, மயக்கம் இல்லை. தலைமாட்டில் இருந்த பெட்டியில் எண்களும் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தன. முதல் தடவை அந்த விரல் வந்தபோது நான் எண்ணெய் தேடிப் போனேன். இந்தத் தடவை அது எங்கிருந்து வருகிற தபால் என்று எனக்குத் தெரியும்.

"சிஸ்டர், தோள் வலிக்குது. டாக்டரைக் கூப்பிடுங்க."

தலையணை சரியில்லாமல் இருக்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஓடினார். டாக்டர் வந்து என் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியில் எண்கள் இறங்கத் தொடங்கின. மண்ணீரல் மறுபடியும் கசிகிறது. தொடை வழியாகக் கம்பி விட்டு ரத்தக் குழாயை அடைக்கிற ஒரு முறை உண்டு, அதற்கு மதுரைக்குப் போக வேண்டும், அவ்வளவு நேரம் கையில் இல்லை, இப்போதே திறக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் கேட்கிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்ற செய்தி போய், முதலில் வந்து நின்றவர் கறிக்கடைப் பாய். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். தள்ளுவண்டி ஆபரேஷன் தியேட்டர் வாசலைத் தாண்டும்போது நான் டாக்டரின் கையைப் பிடித்தேன். எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"உங்க உயிரை முதல்ல பாப்பேன். அது நிலையா இருந்தா சுவரொட்டியை விட மாட்டேன்."

கண் விழித்தபோது தொண்டை எரிந்தது, வயிற்றின் நடுவே நெருப்புக் கோடு. பச்சைத் துணி கட்டிய முகம் ஒன்று என் மேல் குனிந்திருந்தது. எனக்குக் குரல் வரவில்லை. இடது விலாப்பக்கம் கையை நகர்த்தினேன், அவ்வளவுதான் முடிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"இருக்கு" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் அழுத அழுகையில் தையல் எல்லாம் வலித்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டு வாங்கினேன். மண்ணீரலின் கீழ்ப்பகுதி நசுங்கிப்போயிருந்தது, அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். மேல்பகுதியில் வெடிப்புகள் இருந்தாலும் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு வலையைப் போர்த்தி, சுருக்குப் பை வாயை இழுப்பது போல நூலை இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். தையல் நுங்கை அறுக்கும், வலை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுக்கிப் பிடிக்கும். அந்த வலையை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், சில வாரங்களில் அதுவே உடம்புக்குள் கரைந்துவிடும், அதற்குள் மண்ணீரல் ஆறியிருக்கும் என்றார் டாக்டர். வலையைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம், அது தன் வேலையை முடித்துக்கொண்டு தானே இல்லாமல் போகும் என்பதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்படி ஒன்றை யோசித்துச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் என்னை உலுக்கியது வலை இல்லை. தியேட்டரில் இருந்த சிஸ்டர் ஒருவர் கட்டுப் பிரிக்க வந்தபோது ஒரு விஷயம் சொன்னார். வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கியதாம். டாக்டர் இரண்டு கையையும் உள்ளே விட்டு மண்ணீரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டாராம். பிறகு ஒன்றும் செய்யவில்லை. மயக்க மருந்து டாக்டர் எனக்கு ரத்தம் ஏற்றி நாடியைத் தேற்றும் வரை அப்படியே நின்றாராம்.

"எல்லாரும் அவங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கோம். ஒரு கத்தரி கேக்கல, ஒரு நூலு கேக்கல. கையை மட்டும் எடுக்கல அக்கா."

அந்த நேரத்தில் ரத்தக் குழாயில் ஒரு கவ்வியைப் போட்டு மண்ணீரலை அறுத்து எடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்றும் அந்தச் சிஸ்டரே சொன்னார். நான் யார் அவருக்கு? என் கடையில் ஒரு கருப்பட்டிகூட வாங்கியவர் இல்லை. அவர் கைக்குள் என் சுவரொட்டி துடித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் என் உடம்பு சிலிர்க்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்பூசிகள் போட்டார்கள். பாதி மண்ணீரல் எவ்வளவு வேலை செய்யும் என்று போகப் போகத்தான் தெரியும், எதற்கும் இருக்கட்டும் என்றார் டாக்டர். காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் ஓடி வர வேண்டும், கனம் தூக்கக் கூடாது, ஸ்கூட்டர் பக்கமே போகக் கூடாது. மருத்துவமனைச் செலவு எவ்வளவு என்று என் வீட்டுக்காரர் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. கருப்பட்டி விலை மாதிரி அதிலும் ஒரு நல்ல பொய் சொல்லிவிடுவார் என்பதால் நானும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கடைசி ஸ்கேனுக்குப் போனோம். மதினியும் வந்தார். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். இருட்டு அறையில் டாக்டர் என் விலாப்பக்கம் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை மெதுவாக நகர்த்தினார். அவர் பேசாத ஒவ்வொரு நொடியும் என் தோளில் அந்தக் கட்டை விரலைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு பிறை. ஓரமெல்லாம் வழுவழுவென்று இருந்தது.

"வலை போயிட்டு. மீனு அங்கனயேதான் கெடக்கு" என்றார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தால் அது தன் வேலையையும் ஒழுங்காகப் பார்க்கிறது என்றார்.

நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கைகள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். களிம்பைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பெஞ்சில் பாக்கியம் மதினி மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறக்காமலேயே மிளகு வாசம் வந்தது. எடுத்து எறியச் சொன்ன அதே வாய் இப்போது திறக்கப் பயந்தது. கடைசியில் கேட்டார்.

"என்னளா சொன்னாங்க?"

"ஒட்டிக்கிட்டு மதினி. சுவரொட்டி ஒட்டிக்கிட்டு."